இடமாகச் சுற்றிய ராஜமாணிக்கம்

“ஓடறவனுக்கு மூணு எதிரிடா. ஒண்ணு நாய், ரெண்டு வெயில்...” என்று பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் தருமன் சொல்லுவார். மூன்றாவதையும் சொன்னார். அது என்னவென்றுதான் ராஜமாணிக்கத்துக்கு ஞாபகமில்லை. சொல்லும்போது அவர் மைதானத்து வேலிக்கு அப்பால் இருந்த தம் வீட்டு வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

ராஜமாணிக்கத்துக்கு இப்போது வயது நாற்பத்தெட்டு. இருபது வருஷம் புனாவில் ஒரு மோட்டார் கம்பெனியில் உழைத்துவிட்டு, இரண்டாயிரத்து நாலில் திருவண்ணாமலைக்கே திரும்பியவர். வரும்போது கொண்டுவந்தவை ஒரு வாஷிங் மெஷின், கொஞ்சம் இந்தி, நிறையத் தொப்பை. தொப்பையைக் கரைக்க ஓட ஆரம்பித்தார். தொப்பை அப்படியே இருக்கிறது. ஓட்டம் பிடித்துக்கொண்டது.

மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர். கூட ஓட இரண்டு பேர். ஜியாவுல்லா கடிகாரக் கடை வைத்திருப்பவர், ஆகவே ஸ்டாப்வாட்ச் அவர் பொறுப்பு. வளவன் பேங்க் உத்தியோகஸ்தன். பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்த தாள்கள் எப்போதும் அவன் பையில் இருக்கும். மூன்று பேருக்கும் மூச்சு வாங்குவது ஓடுவதால் அல்ல, பேசுவதால்.

“ஷூவைச் சாயந்திரமாத்தான் வாங்கணும் சார். அப்பதான் காலு வீங்கியிருக்கும்.”

“காலு வீங்கினவன் டாக்டராண்ட போவணும் வளவா. ஷூ கடைக்கு ஏன் போறான்?”

“தாள்ல போட்டிருக்கு பாய்.”

“தாளா ஓடுது? நான் ஓடறேன். தொடையில வாசலின் தடவு. சாக்ஸைத் திருப்பிப் போடு, தையல் உறுத்தாது. நாய் வந்தா நின்னுடு. அவ்ளோதான் வித்தை.”

“நின்னா டைம் போயிடுமே?”

“நிக்கலன்னா கால் போயிடும்.”

வருஷா வருஷம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஓடுகிறவர்கள் நாற்பது பேர் கூடி மலையைச் சுற்றி ஓடுவார்கள். போன வருஷம் ராஜமாணிக்கத்தால் ஓட முடியவில்லை. இடது முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. மனைவி மதிவதனி இரண்டு மாசம் தைலம் தேய்த்தாள். தேய்த்த கையோடு ஒரு வாக்கும் வாங்கிக்கொண்டாள். “இன்னொரு வாட்டி முட்டி வலின்னு படுத்தீங்கன்னா, ஓட்டம் அன்னியோட கட். என்கூட நடக்கத்தான் வரணும்.” தைலம் இதமாக இருந்த நேரம். அவரும் சரி என்றுவிட்டார்.

இந்த வருஷப் பட்டியலில் அவர் பெயர் முதலில் இருந்தது. தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் சொல்லியாகிவிட்டது. ஓட்டத்துக்கு இருபது நாள் இருக்கும்போது, இடது முட்டி ‘நறுக்’ என்றது.

வீட்டில் மூச்சு விடவில்லை. சாப்பிடத் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று நாற்காலிக்கு மாறினார். கேட்டதற்கு, “புனா பழக்கம்” என்றார். மாடிப்படியில் வலது காலை மட்டும் நம்பி ஏறினார். கேட்டதற்கு, “இதுவும் ஒரு எக்சர்சைஸ்” என்றார்.

டீக்கடை பெஞ்சில் வைத்து ஜியாவுல்லா முட்டியை அமுக்கிப் பார்த்தார். ரிப்பேருக்கு வந்த கடிகாரத்தைப் பார்க்கிற அதே முகம்.

“சார், கோளாறு முட்டியில இல்ல. ரோட்டுல.”

“ரோட்டுலயா?”

“ரோடு நடுவுல மேடு, ஓரத்துல சரிவு. மலைப் பக்கம் தேவருங்க சித்தருங்க நடக்கறாங்கன்னு நீங்க எப்பவும் இடது ஓரமாவே ஓடறீங்க. ரெண்டு வருஷமா உங்க இடது காலு வலது காலை விட ஒரு இஞ்ச் பள்ளத்துல ஓடுது. தேயாம இன்னா பண்ணும்?”

வளவன் தாளைப் புரட்டினான். அதிலும் அப்படித்தான் போட்டிருந்தது. முதல் தடவையாக இருவரும் ஒத்துப்போனார்கள். அதனாலேயே ராஜமாணிக்கத்துக்குப் பயம் வந்தது.

“வைத்தியம்?”

“அதே ஓரத்துல திரும்பி ஓடுங்க. இடது காலு மேட்டுக்கு வந்துடும். பத்தே நாள்.”

“பாய், மலையை அப்பிரதட்சிணமா சுத்தச் சொல்றீங்களா? எங்க வீட்ல ஊருக்கு வந்ததுலேர்ந்து ஒரு பௌர்ணமி விடாம நடக்கறவ.”

“எனக்கு தோஷமெல்லாம் தெரியாது சார். சரிவு தெரியும்.”

“வீட்டுக்கு யார் சொல்லப் போறாங்க?” என்றான் வளவன்.

மறுநாள் ராஜமாணிக்கம் காஞ்சி ரோடு பக்கமிருந்து புறப்பட்டார். முட்டி சமர்த்தாக இருந்தது. அரை கிலோமீட்டரில்தான் அந்த விஷயம் உறைத்தது. எல்லாரும் ஒரே திசையில் சுற்றும் பாதையில் நேராக ஓடுகிறவனுக்கு முன்னால் போகிறவர்களின் முதுகுதான் தெரியும். எதிரே ஓடுகிறவனை ஊரே முகத்துக்கு முகம் பார்க்கும். பால்காரர் பார்த்தார். ரிட்டயர்டு தாசில்தார் பார்த்தார். ஒரு சாமியார் எழுந்து நின்று பார்த்தார். இரண்டு அம்மாள்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். அடி அண்ணாமலையில் பூ விற்கும் பாஞ்சாலை, மதிவதனிக்கு வாடிக்கையாகப் பூ கொடுப்பவள், கூடையை இறக்கியே வைத்துவிட்டாள்.

“இன்னா சார், எதிரால வர்ற? எதுனா தொலைச்சிட்டியா?”

ராஜமாணிக்கத்துக்கு வாயில் வந்தது அதுதான். “ஆமாம்மா, கர்ச்சீப் விழுந்துடுச்சி. தேடறேன்.”

அருமையான பொய். சின்னது, சுத்தமானது. கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். மறுநாளும் சொன்னார். நாலு நாளும் சொன்னார். நாலாம் நாள் முட்டி பாதி தேறியிருந்தது. ஞாயிறுக்கு இன்னும் ஆறு நாள். வாழ்க்கையில் எதற்கும் ஒரு எதிர்த்திசை உண்டு, அதைக் கண்டுபிடிக்கிறவன் பிழைத்துக்கொள்கிறான் என்ற அளவுக்கு அவர் சிந்தனை போயிருந்தது.

சாயந்திரம் காபியோடு மதிவதனி ஒரு தாம்பாளத்தையும் கொண்டுவந்து வைத்தாள். அதில் பதினோரு கர்ச்சீப்புகள். துவைத்து, மடித்து, அடுக்கியிருந்தது. ஒன்றில் ரோஜாப்பூ எம்ப்ராய்டரி.

“பாஞ்சாலை குடுத்துட்டுப் போனா. வழியில கெடந்ததை எல்லாரும் பொறுக்கி அவகிட்ட சேத்திருக்காங்க. இதுல உங்களுது எதுங்க?”

ராஜமாணிக்கம் காபியைப் பார்த்தார்.

“நாலு நாளா தலைகீழா ஓடறீங்களாமே. எதிர் வீட்டு ஜோதியம்மா வந்து கேட்டுட்டாங்க, இன்னா விஷயம்னு.”

“நீ இன்னா சொன்ன?”

“உள்ளதைத்தான் சொன்னேன். கொஞ்ச நாளா உங்களுக்கு மூளை கலங்கியிருக்குன்னு.”

“மதி!”

“பின்ன இன்னாங்க? நாற்காலியில ஏறி உக்காந்து சோறு திங்கறீங்க. மாடிப்படியில நொண்டியடிக்கறீங்க. கைக்குட்டைக்காக சாமி மலையைத் திருப்பிச் சுத்தறீங்க. ஜோதியம்மா பாவம், அழுதுட்டாங்க. வேட்டவலம் பக்கம் ஒருத்தர் வேப்பிலை அடிப்பாராம். நாளைக்கு ஆட்டோ சொல்லியிருக்கேன். தெருவுல நாலு பேர் புடிச்சுக்க வராங்க.”

“பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கியா?”

“இல்லன்னா காரணத்தைச் சொல்லுங்க. புத்தியுள்ளவன் செய்யற காரியமா இது?”

இருபது வருஷம் கம்பெனியில் பேர் எடுத்த மூளை. அதற்கு வேப்பிலையா? ராஜமாணிக்கம் துள்ளி எழுந்தார். கோலமாவு டப்பாவை எடுத்து வந்து தரையிலேயே ரோடு போட்டார். நடுவில் மேடு, ஓரத்தில் சரிவு. மலைக்கு ஒரு முக்கோணம். இரண்டு கால்கள். அம்புக்குறிகள்.

“இங்க பாரு. இது சயின்ஸ். இது வழக்கமான திசை. இடது காலு பள்ளத்துல. திரும்பி ஓடினா இடது காலு மேட்டுல. புரியுதா?”

மதிவதனி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள். “அடேங்கப்பா. பள்ளத்துல இருந்தா இன்னா ஆவும்?”

“மொத்த பாரமும் இடது முட்டியில விழும். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல தேயும்.”

“எவ்ளோ நாளா தேயுது?”

“பதினாலு நாளா. எத்தனை படிச்சவனுக்கு இது தெரியும்னு நெனைக்கற?”

“ரொம்ப வலிக்குமோ?”

“சொல்லி முடியாது! ராத்திரி புரண்டு படுக்க முடியல...”

அங்கே அவர் நிறுத்திக்கொண்டார். கோலமாவு ரோட்டைப் பார்த்தார். அதில் தாமே அம்பு போட்டுக் காட்டியிருந்த முட்டியைப் பார்த்தார்.

மதிவதனி குனிந்து, அந்த முட்டியின்மேல் ஒரு விரலை வைத்து லேசாக அமுக்கினாள். நிஜ முட்டியின்மேல். ராஜமாணிக்கம் “ஆ” என்றார்.

“ஆட்டோவெல்லாம் சொல்லலைங்க,” என்றாள். “ஜோதியம்மா அழவும் இல்ல. கர்ச்சீப் விஷயம் மொத நாளே தெரியும். முட்டிதானான்னு ஒரு சந்தேகம் இருந்தது. உங்க வாயாலயே வரட்டும்னு இருந்தேன்.”

“மதி, ஞாயித்துக்கெழம ஒரு நாள் மட்டும்...”

“வாக்கு குடுத்தது நானா, நீங்களா?”

அவள் தைல பாட்டிலை எடுத்துவர உள்ளே போனாள். ராஜமாணிக்கம் செல்போனை எடுத்து ஜியாவுல்லாவைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் தம் பெயரை அடித்துவிடச் சொன்னார்.