விடுபட்ட வீடு

மைத்துனர் வீட்டுக்கு மட்டும் இந்த ஜென்மத்தில் குடிபோவதில்லை என்று கம்ப்யூட்டர்காரர் எப்போதோ முடிவு செய்துவிட்டார். உறுதியான முடிவு. அவர் குடியிருந்த வீட்டுச் சுவரைவிட உறுதியானது. இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தச் சுவரில் சமையலறை ஜன்னலில் தொடங்கிய விரிசல் கூரையைத் தொட்டு, அடுத்த வீட்டுக்கும் போயிருந்தது.

அவர் வீட்டுவசதி அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறவர். ஒப்பந்த வேலை. குடியிருப்பதும் அந்த அலுவலகத்தின் பராமரிப்பில் இருந்த பழைய அடுக்குமாடிகளில்தான். பராமரிப்பு என்பது காகிதத்தில் இருந்தது. விரிசல் சுவரில் இருந்தது.

அவர் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. ஆட்களின் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவள். அந்தப் பார்வையை அவள் ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை. விரிசலைப் பார்த்த அன்றே, "இது தோல் இல்லீங்க, எலும்பு" என்று சொல்லிவிட்டாள். அவர் கேட்கவில்லை. பட்டி பூசினார், பெயின்ட் அடித்தார். விரிசல் புதுப் பெயின்ட்டைக் கிழித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது.

காலி செய்தால் மாற்று வீடு கிடைக்கும். ஆனால் அது கிடைக்கும்வரை எங்கே இருப்பது என்றால், மனைவியிடம் ஒரே பதில்தான் இருந்தது. அண்ணன் வீட்டு மாடி.

மைத்துனர் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவர். வாழ்க்கை முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அடுத்தவருக்குப் பிரேக் போட்டே பழகியவர். கல்யாணமான புதிதில் கம்ப்யூட்டர்காரர் அங்கே சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டார். சாப்பிடும்போது மைத்துனர் "வேகத்தைக் குறைங்க மாப்பிள்ளை" என்பார். குளியலறைக்குப் போனால் எப்போது வெளியே வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்வார். ஃபேன் போட்டால் காரணம் சொல்ல வேண்டும். அந்த வீட்டை விட்டுக் கிளம்பிய நாளில்தான் தனக்கு உண்மையில் கல்யாணம் ஆனதாக அவர் நினைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போது இன்ஜினியர் வந்து குடியிருப்பைச் சோதித்துவிட்டுப் போனார். உடனே காலி செய்ய வேண்டிய வீடுகளின் எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலுவலகத்துக்கு வந்தன. மேலாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, இப்படி நீளமாக ஒட்டினால் எவரும் படிக்க மாட்டார்கள் என்றார். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு என்று வந்தால் 3–6 என்று சுருக்கிக் காட்ட ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார். நோட்டீஸ் ஒரே தாளில் அடங்க வேண்டும்.

சின்ன வேலைதான். ஒட்டி ஒட்டி வரும் எண்களைக் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். அடுத்த எண் ஒட்டாமல் தள்ளி வந்தால், கையில் இருப்பதை எழுதிவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். சிக்கல் கடைசியில். கடைசி எண்ணுக்குப் பிறகு அடுத்த எண் வராது. கையில் இருப்பது கையிலேயே தங்கிவிடும். அதை இறக்கி வைக்கத் தனியாக ஒரு வரி வேண்டும். கற்றுக்குட்டிகள் மறப்பது அந்த வரியைத்தான். அன்று அவரும் மறந்தார்.

ஓட்டிப் பார்த்தார். 3–6, 9, 22–27, 58, 90–97. அத்தோடு நின்றது. கடைசியில் வந்திருக்க வேண்டிய 141–146 வரவில்லை.

அவர் வீடு 144.

திருத்தப் போன விரல் பாதியில் நின்றது. மைத்துனர் முகம் ஞாபகம் வந்தது. விரல் திரும்பி வந்து மடியில் உட்கார்ந்துகொண்டது. வேண்டுமென்று தப்புச் செய்யவில்லை, தானாக நடந்த தப்பைத் திருத்தவில்லை, அவ்வளவுதான் என்று சாயங்காலம்வரை தனக்குத்தானே விளக்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதப் பட்டியலில் சேர்த்துவிடலாம், அதற்குள் கட்டடம் விழுந்துவிடுமா என்ன என்றும் சொல்லிக்கொண்டார். அவர் படித்தது கட்டடப் படிப்பு இல்லை.

படிக்கட்டுப் பக்கம் நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலில் ஓடி வந்தவர் 145-இல் இருந்த ரிட்டயர்டு பஸ் கண்டக்டர். அவர் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். அந்த அம்மாவை எப்படிப் படியிறக்குவது என்பதுதான் கண்டக்டரின் கவலை. நோட்டீஸில் 145 இல்லை, இனி இறக்க வேண்டாம். கம்ப்யூட்டர்காரரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உங்க ஆபீஸ் நல்லா இருக்கணும் சார்" என்றார். கையை உடனே விடவும் இல்லை.

வேலை முடிந்து வந்த மனைவி நோட்டீஸ் முன்னால் வெகுநேரம் நின்றாள். உள்ளே வந்து பையை மாட்டினாள். ஒன்றும் கேட்கவில்லை.  

கொஞ்ச நேரம் கழித்து, பக்கத்து வீட்டில் கட்டிலை நகர்த்த ஒரு கை வேண்டும், வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனாள். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் விரிசல் வாய் பிளந்திருந்தது. போர்வை முழுக்கச் சிமென்ட் தூள். அந்த அம்மா அசைக்க முடிந்த ஒரு கையால் கன்னத்தில் விழுந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டு, இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலை எதிர்ச் சுவரோரம் இழுத்துப் போட்டார்கள். மனைவி வாசற்படியில் நின்று, வெளிச்சத்தில் ஃபிலிமைத் தூக்கிப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்னங்க நினைக்கிறீங்க?"

"இன்ஜினியரே பாத்துட்டுப் போயாச்சு. மேல்பூச்சு உதிருது, அவ்வளவுதான்."

"அப்படியா?" என்றாள்.

அடுத்த நாள் அலுவலகத்தில் அந்தப் புரோகிராமைத் திறந்தார். அந்த அம்மாவின் கண் ஞாபகம் வந்தது. பக்கத்திலேயே மைத்துனர் முகமும் வந்தது. டீ வந்தது. மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் மனைவி சிரித்த முகமாக இருந்தாள். அப்போதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

"அண்ணன் வீட்டு மாடியில பெரிய வேலை எடுக்கப் போறாங்களாம். தங்க இடமில்லாம தவிக்கிறாரு. நம்ம வீடு கெட்டின்னு ஆபீஸே நோட்டீஸ் ஒட்டிச் சொல்லிடுச்சே. இங்கயே வந்துடுங்கன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை நாளைக்கு?"

"நாளெல்லாம் யாரு எண்ணுவா? அங்க வேலை முடியற வரைக்கும். ரூமை அவருக்குக் குடுத்துட்டு நாம ஹால்ல படுத்துக்கலாம்."

"எப்ப வராரு?"

"நாளைக்கு."

மறுநாள் வாட்ச்மேன் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டர்காரர் அலுவலகத்தில் இருந்தார். விட்டுப்போன ஒரு வரியை எழுதினார். கையில் இருந்தது இறங்கியது: 141–146. கம்ப்யூட்டர் கோளாறு என்று மேலாளர் அம்மாவிடம் காட்டினார். மேலாளர் இன்ஜினியரைக் கூப்பிட்டார். இன்ஜினியருக்கு முகம் வெளுத்துவிட்டது. பட்டியலிலேயே ரொம்ப மோசமான வீடுகள் அவைதான், அதை எப்படி விட்டீர்கள் என்று கத்தினார். மத்தியானத்துக்குள் வீடுகளைக் காலி செய்ய ஆட்கள் வந்துவிட்டார்கள்.

கண்டக்டர் மனைவியை நாற்காலியில் உட்கார்த்தித் தூக்கி இறக்கினார்கள். கீழ்ப்படிக்கு வந்தபோது மேலே பெரிய சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தார்கள். கூரையிலிருந்து ஒரு துண்டு பெயர்ந்து, கட்டில் முதலில் கிடந்த இடத்தில் விழுந்து கிடந்தது. கண்டக்டர் மட்டும் இறங்கி வந்து, நேரத்துக்கு ஆளனுப்பிக் காப்பாற்றினீர்கள் என்று மறுபடியும் கம்ப்யூட்டர்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அவரால் கண்டக்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குள் போனார். இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. மனைவி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்ஜினியரை வீடு வீடாக் கூட்டிட்டுப் போய்க் காட்டினதே நான்தான்" என்றாள். "நம்ம வரிசையை என் கண்ணு முன்னாலதான் எழுதிக்கிட்டாரு. அது எங்க சிக்கியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"கேட்டா கம்ப்யூட்டர் கோளாறுன்னு சொல்லியிருப்பீங்க. நானே போய்ச் சொன்னா உங்க வேலை போயிருக்கும். அதனாலதான் உங்களைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவைக் காட்டினேன். மறுநாளே மாத்திடுவீங்கன்னு நம்பினேன். அவங்க மேல கூரை விழும்னா நீங்க அசையல. எங்கண்ணன் வராருன்னதும் விடியுமுன்னாடி ஓடுறீங்க."

அவர் தரையில் கிடந்த தூளைச் செருப்பால் ஒதுக்கினார். எவ்வளவு ஒதுக்கினாலும் அது அங்கேயேதான் இருந்தது. கடைசியில் ஏதாவது பேச வேண்டுமே என்று, அண்ணன் கிளம்பியிருப்பாரே, அவருக்குத் தகவல் சொல்ல வேண்டாமா என்று கேட்டார்.

"அவர் எங்க கிளம்பினாரு? மாடியும் அப்படியேதான் இருக்கு. அவர்கிட்ட நான் இன்னும் பேசவே இல்ல." போனை எடுத்து எண்ணைத் தேடினாள். "இப்பதான் சொல்லப் போறேன், மாடியைக் கூட்டி வைங்கன்னு."

தலையெழுத்து என்று அவர் இரண்டு பெட்டியையும் தூக்கினார். அவள் ஒன்றை வாங்கிக் கீழே வைத்தாள்.

"இது என்னுது. அந்த அக்காவை எங்க ஆஸ்பத்திரியிலதான் சேக்கப் போறாங்க. மாத்து வீடு வர்ற வரைக்கும் நான் துணைக்கு அங்க இருக்கேன். அண்ணன்கிட்ட நீங்க மட்டும் போங்க."