எலி சாரின் நூறாவது சைட்டேஷன்

எலி சாரைப் போல ஒரு பேராசைக்காரரை நான் ஓசூரிலும் பார்த்ததில்லை, ஜூஜுவாடியைத் தாண்டி கர்நாடகத்துக்குள் போயும் பார்த்ததில்லை. வீடு, வாசல், கார் எதுவும் அவருக்கு வேண்டாம். உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் யாரோ ஒருவர் தன் கட்டுரையில் 'இன்னார் இப்படிக் கண்டுபிடித்தார்' என்று அவர் பெயரை எழுதவேண்டும். இதற்கு சைட்டேஷன் என்று பெயர். காலையில் பல் விளக்குவதற்கு முன் செல்போனில் அதைத்தான் பார்ப்பார்.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கல்லூரியில் அவர் மூளை விஞ்ஞானி. நான் அவருடைய எலிக்கூண்டுகளைக் கழுவும் உதவியாளன். பத்திரிகையில் எழுத வருவதற்கு முன் நான் செய்த உருப்படியான வேலை அது ஒன்றுதான்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு இது: மணி அடித்துவிட்டு எலியின் காலில் லேசாக ஷாக் கொடுப்பார். அப்புறம் மணியை மட்டும் அடித்தாலே எலி பயந்து சிலையாக நிற்கும். மற்றவர்களின் எலிகள் ஒரு வாரத்தில் இதை மறந்துவிடுமாம். எங்கள் எலிகள் மாதக்கணக்கில் மறக்கவில்லை. அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடியது.

நூறு சைட்டேஷன் வந்தால் புரொபசர் பதவி என்று பிரின்சிபால் சொல்லியிருந்தார். எலி சாருக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் புரொபசராகி ஏசி அறையில் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் எலி வாடையில் கிடந்தார். அதனால் மனிதர் வெட்கத்தை விட்டார். மெக்கானிக்கல் துறை பையன் ஒருவன் கியர் ஆயில் பற்றி எழுதிய கட்டுரையில்கூட எலியின் பயம் மேற்கோளாக ஏறியது. தங்கை மகளுக்கு வரன் பார்க்கப் போனவர், மாப்பிள்ளைக்கு எத்தனை சைட்டேஷன் என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதை ஏதோ போலீஸ் கேஸ் என்று நினைத்துப் பதறிவிட்டார்கள்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒரு ராகி விவசாயி வந்து, யானையை எப்படிப் பயமுறுத்துவது என்று கேட்டார். "யானையைப் பத்தி எழுதினா எவன்யா மேற்கோள் காட்டுவான்?" என்று இவர் அலுத்துக்கொண்டார். "யானை வந்துட்டுப் போனா எங்க ஊரே அதைத்தான் பேசுதுங்க சார்" என்றார் விவசாயி.

ஒரு வெள்ளிக்கிழமை நூறாவது வந்தது. மைசூர்பாகு வந்தது. அடுத்த ஒரு மணி நேரத்தில் கல்லூரி வாசலில் 'நூறைத் தொட்ட நாயகனே' என்று ஃபிளெக்ஸும் வந்தது. மேற்கோள் காட்டியவர் என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. எங்கள் கல்லூரியில் எண்ணுவார்கள், படிக்கும் வழக்கமில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எலி சார் அதைப் படித்தார். 'இவர் சொன்னதை நாங்களும் செய்து பார்த்தோம். எங்கள் எலிகள் ஒரே வாரத்தில் மறந்துவிட்டன' என்று எழுதியிருந்தது. முதலில், வெளிநாட்டு எலிகளுக்கு ஞாபகசக்தி போதாது என்று திட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, நாம் மணி அடிக்கும் நேரத்தில் அறையில் வேறு ஏதாவது நடக்கிறதா என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்குத்தானே சார் அடிக்கறோம்? அப்பத்தான் பக்கத்துக் கம்பெனில இரும்புத் தகடு அடிக்கற பிரஸ்ஸு ஓட ஆரம்பிக்கும். தரையே அதிருங்க. என் டீ டம்ளரே நகரும்."

"இதை ஏன்யா இத்தனை வருஷமா சொல்லலை?"

"நீங்க கேக்கலைங்களே சார்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கம்பெனிக்கு லீவு. எங்களுக்கும் லீவுதான். இருந்தாலும் இருவரும் வந்தோம். இரண்டு மணிக்கு மணி அடித்தார். எலிகள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தீனி தின்றன. மறுபடியும் அடித்தார். ஒரு எலி கொட்டாவி விட்டது. அவர் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை, கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக பிரின்சிபாலிடம் சொன்னார். கூண்டுக் கணக்கு நோட்டோடு நானும் நின்றிருந்தேன். அந்தக் கட்டுரை போனால் முக்கால்வாசி சைட்டேஷன் போய்விடும், புரொபசர் பதவியும் போய்விடும் என்று பிரின்சிபால் மன்றாடினார்.

"எலி பயந்தது என் மணிக்கு இல்லீங்க சார், பிரஸ்ஸுக்கு."

"ரெண்டும் சத்தந்தானே? பேசாம இருங்க. அந்த வெள்ளைக்காரன் எழுதினதை இங்க யார் படிக்கப் போறாங்க?"

"நான் படிச்சிட்டேனே சார்" என்றார் எலி சார்.

பதவி போயிற்று. ஃபிளெக்ஸைக் கழற்றி எலித்தீனி மூட்டைகளை மூடினோம். தன் தப்பை ஒப்புக்கொண்டு அவர் எழுதிய ஒரு பக்கம் அச்சில் வந்தபோது, கீழே ஒரு வரி இருந்தது. உண்மையான காரணத்தைச் சொன்னவர் என்று, கூண்டு கழுவுகிறவனின் பெயரை முழுசாகப் போட்டிருந்தார்.

அதற்குப் பிறகு என் பெயர் எத்தனையோ வாரம் அச்சில் வந்துவிட்டது. நான் கத்தரித்துப் பத்திரமாக வைத்திருப்பது அந்த ஒரு பக்கத்தைத்தான்.