எனக்கு மட்டும் பேர் வைக்காத சங்கம்

எறையூர்,
18.7.2004

தா.பழூர் மச்சான் அய்யாக்கண்ணு அவர்களுக்கு, தங்கள் தங்கை வீட்டுக்காரன் பஞ்சநாதன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே தங்கள் தங்கை கமலவேணி நலம், மகள் ஜெயசித்ரா நலம், கரும்பும் நலம். நலமில்லாத ஆள் நான் ஒருவன்தான்.

பாப்பாவுக்குக் காது கேட்காது என்று தெரிந்த நாள் முதல் அவளுக்கு வாயும் காதும் நான்தான். சின்னப் பிள்ளையில் அவள் விரலை என் தொண்டையில் வைத்துக்கொண்டு "ஜெயா, ஜெயா" என்று நான் கத்துவேன், அந்த அதிர்வுக்கு விழுந்து விழுந்து சிரிப்பாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும் கடைசி பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து, டீச்சர் சொல்வதை எங்கள் வூட்டு ஜாடையில் சொல்லிக்கொடுத்தேன். கால் நீட்ட இடமில்லாமல் முட்டி வீங்கியதைப் பார்த்து நீங்களே சிரித்தீர்கள்.

இப்போது பெரம்பலூர் காது கேளாதோர் சங்கம் என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டது. அதன் செயலாளர் பூமாலை, டெய்லர், அவருக்கும் காது கேட்காது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்து டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் கைப்பேச்சு சொல்லிக்கொடுத்தார். இப்ப ஆறாம் வகுப்பு மொத்தமும் கையாலேயே வம்பு பேசுது மச்சான்! டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இனிமே நீங்க வர வேணாங்க, பாப்பாவே பாத்துக்கும்" என்றார். என் இடத்தில் இப்போது கூடப் படிக்கிற ஒரு பொடுசு உட்காருது. அதைப் பார்த்தாலே வயிறு எரியுது.

ஞாயிற்றுக்கிழமைதோறும் தாயும் மகளும் போகிற சங்கத்தில் இன்னும் கொடுமை. அங்கே எல்லாருக்கும் கையாலேயே பேர் வைக்கிறார்கள். மூக்குத்தியைத் தொட்டால் கமலவேணி. கத்தரிக்கோல் மாதிரி விரலை ஆட்டினால் பூமாலை. டீ கொண்டுவந்த ஆளுக்குக்கூட வச்சிட்டாங்க, எனக்கு இல்லை! அவங்க பேச்சைக் கத்துக்க மாட்டேன்னு நான் வாசல்லயே நிக்கிறேன். என்னைக் கண்டதும் பாப்பா தன் தொண்டையில் ரெண்டு விரல் வைக்கிறாள். உடனே அத்தனை பேரும் அப்படியே செய்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கழுத்தறுக்கிற ஆள் வந்துட்டான்னுதானே அர்த்தம்? பெத்த மவளே ஆரம்பிச்சு வச்சா மனசு என்ன பாடுபடும், சொல்லுங்க. பொறாமைதான், இல்லேன்னு சொல்லல.

ஆகவே வருகிற ஞாயிறு வந்து பாப்பாவை அழைத்துப்போய் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள். அங்கே பூமாலை வர மாட்டார். பெஞ்சுக்கு நான் வந்துவிடுகிறேன்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் படிக்கட்டும்.

இப்படிக்கு,
பஞ்சநாதன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். இன்லண்டு லெட்டர் வீணாகக் கூடாதென்றுதான் அனுப்புகிறேன். ஒட்டப்போகும் நேரத்தில் பாப்பா பிடுங்கிப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்புறம் சின்னப் பிள்ளையில் செய்த மாதிரி என் தொண்டையில் விரலை வைத்தாள். பிறகு தன் தொண்டையில் ரெண்டு விரல் வைத்து என்னைக் காட்டினாள். உள்ளேயிருந்து வந்த கமலவேணி, "அதாங்க உங்க பேரு. சங்கத்துல சேர்ந்த அன்னிக்கே அவ வச்சது. நீங்க யாரையாவது கேட்டீங்களா?" என்றாள். அழுதுட்டேன் மச்சான். ஞாயிற்றுக்கிழமை வாங்க, ஆனா நேரா சங்கத்துக்கு வாங்க. நானும் உள்ளே போய் உட்காரப்போறேன். உங்களுக்கும் ஒரு பேர் வைக்கச் சொல்றேன். தொண்டையை மட்டும் கேட்டுடாதீங்க, அது என்னுது.