போதாது வாத்தியார் பெண் பார்த்த கதை

கடவுளே நேரில் வந்து, "நான்தான் கடவுள்" என்றாலும், "இந்த விவரம் போதாதுங்களே" என்று திருப்பி அனுப்பக்கூடிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். ஐம்பதுகளின் கடைசியில் அவர் விழுப்புரத்தில், நாங்கள் எட்டுப் பிரம்மச்சாரிகள் தங்கியிருந்த லாட்ஜில், எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார்.

திண்டிவனத்தில் ஒரு டுடோரியலில் கணக்கு வாத்தியார். தினமும் ரயிலில் போய்வருவார். ஆனால் வகுப்பில் யாரையும் கணக்குப் போட விடமாட்டார். "விடை வேணாம்பா. விடை கண்டுபுடிக்க இந்த விவரம் போதுமா, போதாதா? அத்த மட்டும் சொல்லு" என்பார். பையன்களுக்குக் கொண்டாட்டம். பெற்றோருக்குத் திண்டாட்டம். நாளடைவில் சொந்தப் பெயர் போய், 'போதாது வாத்தியார்' ஆகிவிட்டார்.

அவருடைய பிரம்மாஸ்திரம் புறாக்கூண்டு. "பத்துப் புறா, ஒம்போது கூண்டு. எல்லாம் உள்ள பூந்துடுச்சின்னா, ஏதோ ஒரு கூண்டுல ரெண்டு புறாவாவது இருந்தே ஆவணும். தொறந்து பாக்கவே வேணாம்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் அந்த அஸ்திரம் வெடித்தது. ஆளுக்கு ஒரு வடை என்பது மெஸ்காரம்மாவின் சட்டம். அன்று எட்டுப் பேர் சாப்பிட்டு, ஒன்பது வடை காலி. பரிமாறுகிறவர் மேல் அம்மா பாய, வாத்தியார் எழுந்தார்.

"அவரத் திட்டாதீங்க. வடை எங்க எலையிலதான் விழுந்துது. எட்டுப் பேரு, ஒம்போது வடை. எங்கள்ல ஒருத்தரு ரெண்டு வடையாவது துன்னுருக்கணும்."

"யாரு சார் அது?"

"அதுக்கு விவரம் போதாதும்மா."

"அப்ப நாளைக்கு ஒருத்தருக்கும் வடை கெடையாது. இந்த விவரம் போதுமா?"

வாத்தியாரை நாங்கள் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தோம்.

கோலியனூரில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். "பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கு, "ஒரு தபா காபி குடுத்தத வச்சி எப்படிங்க சொல்றது? விவரம் போதாது" என்றார். பெண்ணின் அண்ணன்மார் பஸ் ஏறும் வரை துரத்தினார்கள்.

அடுத்தது திண்டிவனத்தில், வேர்க்கடலை வாங்கி விற்கும் மல்லாட்டை மண்டிக்காரர் வீடு. பெருமுக்கல்லிலிருந்து வந்த வாத்தியாருடைய மாமா, "டேய், இங்கயும் வாயத் தொறந்தே, இனிமே ஒனக்குப் பொண்ணு பாக்க என்னைக் கூப்புடாதே" என்று சொல்லிவிட்டார். வாத்தியார் முப்பதைத் தாண்டியிருந்தார். துணைக்குப் போன எங்களோடு வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார். அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்றுதான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாம் பறந்தது. நாங்கள் ஆறு பேர். போட்டிருந்ததோ ஐந்து நாற்காலி.

"எப்படி உக்காந்தாலும் ஒரு நாற்காலியில ரெண்டு பேரு வந்தே ஆவணும்!" என்றார் வாத்தியார், உரக்க.

"ஐயோ, ஜல்தியா ஒரு பெஞ்சி கொண்டாறச் சொல்றேங்க" என்று மண்டிக்காரர் பதறினார்.

"வேணாங்க! கணக்கு சரியா வருது" என்று என் கையைப் பிடித்து இழுத்து, பாதி நாற்காலியில் என்னை உட்காரவைத்துக்கொண்டார். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

பெண் மரகதம் காபியோடு வந்தாள். எங்கள் நாற்காலிக்கு எதிரே நின்றாள்.

"மாப்பிள்ளைக்குக் குடும்மா" என்றார் தகப்பனார்.

"ஒரே நாற்காலியில ரெண்டு பேரு உக்காந்துகினு இருக்காங்க. இதுல மாப்பிள்ளை யாருன்னு சொல்ல விவரம் போதலியேப்பா."

வாத்தியார் துள்ளி எழுந்தார். நாற்காலி என் பக்கம் சாய்ந்து, நான் தரையில் கிடந்தேன்.

மரகதம் நின்றவரைப் பார்த்தாள். தரையில் கிடந்த என்னையும் பார்த்தாள். "இப்ப போதும்" என்று சொல்லி அவரிடம் தம்ளரை நீட்டினாள்.

"பொண்ணு புடிச்சிருக்காடா?" என்று மாமா ஒரு கண்ணை மட்டும் திறந்து கேட்டார். வாத்தியார் மாடு மாதிரித் தலையை மட்டும் ஆட்டினார். அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம் முடிந்து, திண்டிவனத்துக்குக் குடிபோய்விட்டார்.

பிறகு எனக்குச் சென்னைக்கு மாற்றலாயிற்று. ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் முன்கூட்டியே ஒரு கார்டு போட்டுவிடுவேன்; வாத்தியார் திண்டிவனம் ஸ்டேஷனில் வந்து நின்று ஜன்னலில் தலையை நுழைத்து ஏதாவது ஒரு புதிரைப் போடுவார். நான் யோசிப்பதற்குள் வண்டி ஊதிவிடும். விடை தெரிந்துகொள்வதில் எனக்கு அப்படியொன்றும் ஆசை கிடையாது. ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். அடுத்த வண்டி சாயங்காலம்தான்; அதுவரை அவரோடு உட்கார்ந்திருக்கலாம்.