ஜெனரல் போனுக்குப் பொட்டு வைத்த நாள்

இரண்டாம் உலகப் போரை நெய்வேலியிலிருந்து நடத்திய ஒரே மனிதர் எங்கள் ஜெனரல்தான். பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுவது அவர் தொழில். மற்ற நேரமெல்லாம் செல்போன் விளையாட்டில் ஐரோப்பாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார். ஜெனரல் என்றால் பல் துலக்கிக்கொண்டே வெளியே வருவார்.

சுரங்கத்தில் அடுத்த ஷிஃப்ட்டுக்கான ரிலீவர் வராமல் யாரும் மெஷினை விட்டு நகரக் கூடாது. ஜெனரல் இந்தச் சட்டத்தைப் போருக்கும் கொண்டுவந்துவிட்டார். வடலூரில் ஒரு கல்யாணம். பந்திக்குக் கூப்பிட்டதும் போனை என் கையில் திணித்தார்.

"டேங்க்கெல்லாம் பாலத்த தாண்டிகினு இருக்கு. ரசம் ஊத்துறதுக்குள்ள வந்துடறேன். சார்ஜ் எடுத்துக்குங்க."

அவர் பாயசம் வரை நிதானமாகச் சாப்பிட்டார். மணமக்களோடு போட்டோவுக்குக் கூப்பிட்டும் போகாமல் நான் பாலத்தைக் காத்துக்கொண்டிருந்தேன்.

"வூட்ல குழாய் ஒழுகிகினு இருக்கு. இவரு ஊரான் ஊர காவல் காத்துகினு இருக்காரு" என்பார் அவர் மனைவி செல்வி அக்கா.

ஆனால் அக்கா ஒருநாளும் போனைப் பிடுங்கியதில்லை. காரணம், மகன் குமரன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருந்தவன். "பொறுத்திரு, பெர்மனன்ட் ஆகும்" என்று அப்பா சொன்னதைக் கேட்காமல் குவைத்துக்குப் போய்விட்டான். தகராறு முற்றி, அப்பனும் மகனும் பேச்சை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அம்மாவுக்கு மட்டும்தான் போன் வரும். விளையாட்டில் மட்டும் இருவரும் ஒரே அணி. "டேங்க் அனுப்பு" என்று இவர் எழுதினால், "அனுப்பியாச்சு" என்று அவன் எழுதுவான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மனுஷர் ஐரோப்பாவை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை வந்தது. ஜெனரல் தன் போனையும் அக்கா போனையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்பேனருக்கும் மிக்ஸிக்கும் நடுவில் படுக்க வைத்துவிட்டார். விளையாட்டில் அவர் உயிராகக் காத்துவந்த நிலக்கரி நகரத்தை அப்போது எதிரி சுற்றி வளைத்திருந்தான்.

"ஊரு போயிடும் ஜெனரல்" என்றேன்.

"வருஷம் பூரா ஓடுன மெஷினுங்க. இன்னிக்கு ஒரு நாள் தொடக் கூடாது. எதிரியும் பூஜையிலதான் இருப்பான்."

"அவன் ஜெர்மனிக்காரன் ஜெனரல்."

"ஏன், அங்க ஃபேக்டரி இல்லியா?"

பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் என் போன் அடித்தது. குவைத்திலிருந்து குமரன்.

"மாமா, அப்பாவுக்கு என்ன ஆச்சு? எங்க ஊரு வுழுந்துடுச்சு. அவரு ஒரு டேங்க்கக்கூட நகத்தல. போன் ஆஃப். அம்மா போனும் ஆஃப். அவரு அப்படி வுட மாட்டாரே மாமா."

நான் ஓடிப்போய் போனை ஜெனரல் கையில் கொடுத்தேன். அவர் முறைப்பாகவே ஆரம்பித்தார்.

"ஊரு போயிடுச்சா?"

"ஊரு கெடக்குதுப்பா. நீ நல்லாத்தான இருக்க?"

அவன் கத்தியது எனக்கே கேட்டது. ஜெனரல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சாப்ட்டியாடா?" என்றார்.

அப்புறம் குவைத் வெயில், அறையில் யார் சமைக்கிறார்கள், எப்போது லீவு என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. போரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தோத்துட்டோங்க" என்றார் ஜெனரல். முகமெல்லாம் சிரிப்பு. அவர் மேல் எனக்கு எப்போதுமே பிரியம் உண்டு. தோற்ற அன்று அது இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.