‘வேண்டாம் சார்’ குடித்த ரசம்

ஒரு டம்ளர் தண்ணீரைக் குடிக்காமலேயே ராஜபாளையத்தைக் கதிகலங்க வைத்தவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘வேண்டாம் சார்’. குடிநீரைச் சோதிக்கும் அலுவலகத்திலிருந்து ஐஸ் பெட்டியும் பாட்டில்களுமாக மொபெட்டில் வருவார். உடம்பு ஊதுபத்தி மாதிரி இருக்கும். மீசை மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும்.

நானும் என் வீட்டுக்காரரும் செட்டியார்பட்டி ரோட்டில் கேன் தண்ணீர் ஆலை வைத்திருக்கிறோம். எங்கள் தண்ணீரை அவர்கள் சோதிப்பார்கள். அதற்கான கட்டணத்தை நாங்களேதான் கட்ட வேண்டும். கைக்காசைக் கட்டி, ‘ஐயா, எங்களிடம் ஏதாவது குற்றம் கண்டுபிடியுங்கள்’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? எனக்கு இன்றுவரை பற்றிக்கொண்டுதான் வருகிறது. வேண்டாம் சாருக்கோ அது வேறு மாதிரி உறுத்தியது. கட்டணம் கட்டியவர்கள் வீட்டில் கை நனைத்தால் விலைபோய்விட்டதாகப் பேச்சு வருமாம். அதனால் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். சொந்த பாட்டிலை எடுத்து எங்கள் முன்னாலேயே அண்ணாந்து குடிப்பார்.

வாசலேறி வந்தவருக்கு முதலில் நீட்டுவது தண்ணீர்தானே. ஒரு கோடையில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்க அவர் வந்தபோது நானும் நீட்டினேன். “வேண்டாம்மா” என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். எதிர் டீக்கடையில் பெஞ்சு முழுக்க ஆள். சாயங்காலம் டீக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

“ஏங்க்கா, தண்ணி செக் பண்ற சாரே ஒங்க தண்ணியக் குடிக்கலையாமே?”

அடுத்த நாளே கேன்கள் சீல்கூடப் பிரிக்காமல் திரும்பி வர ஆரம்பித்தன. மெஷின் வாங்கிய பேங்க் கடன் அப்படியே இருந்தது. ரிசல்ட் வருவதற்குள் ஆலைக்குப் பூட்டு விழுந்துவிடும் போலிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு பெரிய ஆர்டர், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம்.

மண்டபத்தில் கேன்களை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், முதல் பந்தியில் நடுநாயகமாக வேண்டாம் சார். மாப்பிள்ளையின் அப்பா அவர் கூட வேலை பார்ப்பவராம். இலையோரத்தில் எங்கள் தண்ணீர் நிற்கிறது, அவர் தொடவில்லை. அவர் வேலை என்னவென்று தெரிந்த பக்கத்து இலைக்காரர் அதைப் பார்த்து தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். அவருக்கு அடுத்தவரும் தள்ளினார். வரிசைக் கடைசி வரை டம்ளர்கள் நகர்வதை நான் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

அப்போதுதான் சாருக்கு விக்கல் எடுத்தது. சொந்த பாட்டில் வெளியே மொபெட்டில். பாதிப் பந்தியில் எழுந்தால் கல்யாண வீட்டாருக்கு மனசு கஷ்டப்படும். விக்கினார். கண்ணில் நீர் முட்ட, மீசை குதிக்க, மறுபடி விக்கினார். நாலு பக்கமும் தண்ணீரைக் குடிக்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். மனிதருக்கு ஏதாவது ஆகி, அந்தப் பழியும் என் தண்ணீர் மேல் விழுமோ என்று மலையிலிருக்கும் அய்யனார் வரைக்கும் வேண்டிக்கொண்டேன்.

கடைசியில், பரிமாற வந்தவரிடம் ஒரு டம்ளர் ரசம் வாங்கி மடமடவென்று குடித்தார். விக்கல் நின்றது. பந்தியே மூச்சுவிட்டது. வாளியோடு நின்ற சமையல்காரர் மட்டும் என்னைக் காட்டி மெதுவாகச் சொன்னார்.

“சார், அந்த ரசமும் இவிய கேன் தண்ணிலதான் வச்சேன்.”

சாரின் முகம் வெளுத்துவிட்டது. பந்தி சிரித்த சிரிப்பில் தள்ளி வைத்த டம்ளர்களெல்லாம் பழைய இடத்துக்கு வந்தன. வேண்டாம் சாரே குடித்துவிட்டாரே!

பிழைத்தோம் என்று நினைத்தேன். மறுநாள் அவர் அலுவலகத்தில் போய் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஆலைத் தண்ணீரை ரசமாகக் குடித்துவிட்டதால் அதைச் சோதிக்கும் தகுதி தனக்கு இல்லையாம். வேறு ஆள் வந்தார், மறுபடி சோதனைக்குத் தண்ணீர் எடுத்தார், புதிதாகக் கட்டணம் கட்டினோம். ஒருவர் குடித்த ரசத்துக்கு இன்னொருவர் அபராதம் கட்டியது எங்கள் ஊரில்தான் நடந்திருக்கும். அவரை நான் திட்டாத திட்டில்லை.

ரிசல்ட் வந்தது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அன்று மதியமே வாசலில் மொபெட் நின்றது. டீக்கடை பெஞ்சு மொத்தமும் எழுந்து பார்த்தது.

“இனிமே ஒங்க தண்ணிய நான் செக் பண்ண மாட்டேன்மா. வேற ஆளுதான் வருவாக. அதனால...” கூச்சத்தோடு கையை முன்னால் நீட்டினார். “ஒரு டம்ளர் தண்ணி குடுங்க. ரசமே அம்புட்டு நல்லாருந்துச்சு.”

தெருவே பார்க்கக் குடித்தார். சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. “போதும்மா” என்று அவர் சொன்ன பிறகும் நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.