யாரும் சொல்லாத நோயாளி

கடற்கரையை ஒட்டிய ஒரு ஊரில் ஓர் அரசு மருத்துவமனை இருக்கிறது. ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால், தங்களைப் பற்றி எழுதவில்லையே என்று மற்ற ஊர் மருத்துவமனைக்காரர்கள் மனவருத்தம் அடைவார்கள்.

இங்கு அனைவருக்கும் சமமான சிகிச்சை அளிக்கப்படும் என்று வாசலில் நீலப் பலகை வைத்திருக்கிறார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. கவுன்சிலர் சொல்லி வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்குள் சமம். தாலுக்கா ஆபீஸிலிருந்து போன் வந்தவர்கள் தங்களுக்குள் சமம். வட்டச் செயலாளருக்கு வேண்டியவர்களும் அப்படியே. எந்தச் சமத்தில் சேர்வது என்பதை நோயாளிதான் வரும்போதே முடிவு செய்துகொண்டு வர வேண்டும்.

ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. புதிதாக ஒருவரைச் சேர்க்கும்போது பெயர், வயது, வியாதி எல்லாவற்றுக்கும் முன்னால், "யாரு சொல்லி வந்தீங்க?" என்று கேட்பார்கள். பதிலை ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் ஒட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வார்டில் அவருடைய பெயர் அதுதான். கவுன்சிலர் மச்சானுக்குத் தையல் பிரித்தாயிற்றா, தாலுக்கா ஆபீஸ் டிரைவருக்கு வயிறு இளகிற்றா என்று டாக்டர்கள் அன்போடு விசாரிப்பார்கள். புண்ணுக்குப் போட வேண்டிய பிளாஸ்திரி இப்படியே தீர்ந்துபோகிறது என்று ஒரு குறை இருந்தது. கூடுதல் பிளாஸ்திரி கேட்டு மேலே எழுதியிருக்கிறார்கள்.

இந்த வார்டுக்குத்தான் இருசப்பன் வந்து சேர்ந்தார். பக்கத்துக் குப்பத்தில் ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். வலையிலிருந்து உதறிப் போட்ட திருக்கையைத் தெரியாமல் மிதித்து, அதன் வால் முள் பாதத்தில் ஏறிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு மறுநாளும் கடலுக்குப் போனார். சர்க்கரை வியாதி வேறு. கால் வீங்கி, தோல் கறுத்து, நாற்றம் எடுத்த பிறகுதான் அக்காள் மகள் வச்சலாவுக்கு போன் போட்டார்.

வச்சலா கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அங்கேயே மாமாவைச் சேர்த்திருக்கலாமே என்று கேட்பவர்கள் அங்கே பில் கட்டிப் பார்க்காதவர்கள். வச்சலா தினமும் அந்த பில்லைப் பார்க்கிறவள். லீவு சொல்லிவிட்டு ஓடி வந்தாள். காலைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அழுகின சதையை உடனே வெட்டிச் சுத்தம் செய்து மருந்து ஏற்றினால் கால் மிஞ்சும். தள்ளிப் போட்டால் முழங்காலுக்குக் கீழே போய்விடும். கால் இல்லாதவனை எந்த போட்டிலும் ஏற்ற மாட்டார்கள்.

வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் தமிழ்ச்செல்வி பிளாஸ்திரியைக் கிழித்து, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"யாரும் சொல்லல சிஸ்டர். காலு அழுகிப்போச்சு, அதான் வந்தோம்" என்றாள் வச்சலா.

"எல்லாரும் அழுகித்தாம்மா வராங்க. சொன்னது யாரு?"

வச்சலா சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவளுடைய கொள்கை. நம்ம ஆளு ஒருத்தர் வராரு, கொஞ்சம் பாத்துக்கோ என்று அவளுக்கு போன் போடாத சொந்தக்காரர் குப்பத்தில் ஒருவர்கூடக் கிடையாது. மூக்கில் சளி வந்தாலும் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்பார்கள். சிபாரிசு என்று காதில் விழுந்தாலே அவளுக்குக் குமட்டும். வியாதியைவிடப் பெரிய சிபாரிசு நோயாளிக்கு வேறு எதற்கு என்று பிடிவாதமாக நின்றாள். ஆகவே இருசப்பனின் கட்டில் கம்பி வெறுமையாக இருந்தது.

டிரஸ்ஸிங் தள்ளுவண்டி ஒவ்வொரு கட்டிலிலும் நின்று நின்று வந்தது. வெறும் கம்பியைக் கண்டதும் அதற்கே வேகம் பிடித்துக்கொண்டது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் இந்தப் பக்கத்துக் கட்டிலையும் அந்தப் பக்கத்துக் கட்டிலையும் பார்த்தார். நடுவில் இருந்ததைப் பார்க்கக் கழுத்து திரும்பவில்லை. வச்சலா தானே கட்டைப் பிரித்துக் கழுவப் போனாள். நோயாளியின் உடனிருப்போர் சிகிச்சை செய்வது விதிகளுக்குப் புறம்பானது என்று தடுத்துவிட்டார்கள். அப்படியானால் நீங்கள் செய்யுங்கள் என்றாள். அதற்கு விதி எதுவும் இல்லை போலிருக்கிறது. செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்காவது அனுப்புங்கள் என்று கெஞ்சினாள். அனுப்பலாம், ஆனால் அனுப்பச் சொல்லியும் யாராவது சொல்ல வேண்டும்.

கடைசியில், "நானும் நர்ஸுதான் சிஸ்டர்" என்றாள்.

"அப்ப உங்களுக்கே தெரியுமே" என்றார் தமிழ்ச்செல்வி.

வச்சலாவுக்குத் தெரியும்தான். அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததே அதனால்தான்.

மாடிக்குப் போய், எல்லோரும் ஆர்.எம்.ஓ. என்று கூப்பிடும் நிலைய மருத்துவ அலுவலர் சதாசிவத்தைப் பார்த்தாள். நல்ல மனிதர். உட்காரச் சொன்னார், முழுவதும் கேட்டார், கால் போய்விடும் என்று அவள் சொன்னபோது உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"உங்க மாமாவைப் பாக்கறதுல எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லம்மா. ஆனா நாளைக்கு ஒரு கேள்வி வரும். யாருமே சொல்லாத ஒருத்தரை எதுக்குப் பாத்தீங்கன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது? காசு வாங்கினேன்னுதானே நெனைப்பாங்க?"

"கால் அழுகியிருந்துச்சு, பாத்தோம்னு சொல்லுங்க சார்."

"அதை யாரும்மா நம்புவாங்க?" என்றார் சதாசிவம். "நிர்வாகத்துல பாரபட்சம்னு ஒரு பேர் வந்துடக் கூடாது, பாருங்க."

மறுநாள் காலையில் விரல்களின் கறுப்பு பாதத்துக்கு ஏறியிருந்தது. வச்சலாவின் கொள்கை அன்று காலை காபிக்கு முன்பே உடைந்துவிட்டது. வராந்தாவில் நின்று கவுன்சிலருக்கு போன் போட்டாள். அவர் பாவம், மறைக்காமல் சொல்லிவிட்டார். "அந்த வார்டுல ஏற்கெனவே என் ஆளுங்க ரொம்ப பேரு படுத்துகினு கீறாங்கம்மா. இன்னும் ஒருத்தரச் சொன்னா எம்பேருக்குக் கீற மரியாதையும் பூடும். கண்ணு வார்டுனா சொல்லு, அங்க இன்னும் நம்ம பேரு நல்லாத்தான் கீது."

வட்டச் செயலாளரின் தம்பி அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். கல்பாக்கத்தில் பெரிய வேலையில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் அணுவைப் பற்றி எது வேண்டுமானாலும் கேள், ஆஸ்பத்திரியில் எனக்கு யாரையும் தெரியாது என்று கையை விரித்தார். வச்சலா திரும்பி வந்து கட்டிலருகே உட்கார்ந்தாள். முகத்தைப் பார்த்தே இருசப்பனுக்குப் புரிந்துவிட்டது.

"வுடு வச்சலா" என்றார். "கடல்ல மாட்டிகினா, கைய ஆட்டினா போதும், பேரு ஊரு தெரியாதவன்கூட போட்ட திருப்பிகினு வருவான். இங்க யாரு பேரச் சொல்லிக் கூவறதுன்னே தெரியலியே."

காது குத்தும்போது இந்த மாமனின் மடியில் உட்கார்ந்துதான் அவள் அழுதாள். இப்போது அழவில்லை. எழுந்து நேராக தமிழ்ச்செல்வியின் மேஜைக்குப் போனாள். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ஒட்டறதுனா ஒட்டிக்கோங்க சிஸ்டர். இவருக்கு யாரும் சொல்லல. இனிமேலும் யாரும் சொல்ல மாட்டாங்க. ஆனா அந்தக் கட்டிலை யார் யாரு பாக்காம தாண்டிப் போனாங்கன்னு ஒண்ணு விடாம எனக்குத் தெரியும்."

இதைக் கேட்டுக்கொண்டு நின்ற வார்டு ஊழியர் ஜெபசிங்குக்குக் கையில் இருந்த வாளி நழுவியது. பணி ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்த மனிதர். ஆயுசு முழுக்க அந்த வார்டில் யாருமே சொல்லாத ஒரு நோயாளியை அவர் பார்த்ததில்லை. மாடிப்படி ஏறி, நடந்ததைச் சதாசிவத்திடம் மூச்சு வாங்கச் சொன்னார்.

சதாசிவம் வாய்விட்டே யோசித்தார். துறையிலிருந்து மாறுவேடத்தில் ஆய்வுக்கு வருவார்கள் என்று ஒரு பேச்சு கொஞ்ச நாளாக அடிபட்டுக்கொண்டிருந்தது. இந்த நாட்டில் எவனாவது சிபாரிசு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வருவானா? வருகிறான் என்றால் அவனுக்குச் சிபாரிசு தேவையில்லை. சிபாரிசு தேவைப்படாதவன் சிபாரிசு செய்கிறவர்களுக்கும் மேலே இருப்பவன். கூட வந்திருக்கும் பெண் மருந்துப் பெயரெல்லாம் சரியாகச் சொல்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு பொய் சொல்லக்கூட மறுக்கிறாள். பொதுஜனம் இப்படியா நடந்துகொள்ளும்?

"கால் நெஜமாவே அழுகியிருக்கே சார்" என்று ஜெபசிங்கின் பின்னாலேயே மாடிக்கு வந்துவிட்ட தமிழ்ச்செல்வி இழுத்தார்.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன். ஆய்வுக்காகக் காலையே அழுக வெச்சுகிட்டு வந்திருக்காருன்னா, எவ்வளவு கடமை உணர்ச்சி இருக்கணும். நேர்மையான ஆபீஸர். ரொம்ப ஆபத்தானவர்."

அடுத்த அரைமணி நேரத்தில் இருசப்பனுக்குத் துவைத்த விரிப்பு வந்தது. தலைக்கு மேலே இருந்த மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அது சுற்றக்கூடியது என்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் பாதி டீயை வைத்துவிட்டு ஓடி வந்தார். அன்றைக்கே தியேட்டருக்குக் கொண்டுபோய் அழுகியதையெல்லாம் வெட்டி எடுத்தார்கள். கால் பிழைத்தது. சுண்டுவிரலும் அதற்கு அடுத்ததும் போயின. வந்த அன்றே பார்த்திருந்தால் அவையும் இருந்திருக்கும். வச்சலா அதைச் சொல்ல வாயெடுத்தாள். புண் ஆறும்வரை இவர்கள் கையால்தான் டிரஸ்ஸிங் நடக்க வேண்டும் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

சதாசிவம் தினமும் இரண்டு வேளை வந்து நலம் விசாரித்தார். ஒரு நாள் குனிந்து, "ஐயா எந்த பேட்ச்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இன்னா பேட்ச்சு? நான் கடலுக்குப் போறவன் சார்" என்றார் இருசப்பன்.

சதாசிவம் அவருடைய காய்த்துப்போன உள்ளங்கையைப் பார்த்தார். இவ்வளவு நுணுக்கமான வேஷத்தை அவர் தம் சர்வீஸில் கண்டதில்லை. "புரியுதுங்கய்யா. என் மூலமா வெளிய போகாது" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

மற்ற நோயாளிகள் சும்மா இருப்பார்களா? சிபாரிசு இல்லாததுதான் இப்போது பெரிய சிபாரிசு என்று தெரிந்ததும் வார்டு முழுவதும் பிளாஸ்திரியைக் கிழித்துப் போட்டார்கள். கிழித்தால் மட்டும் போதுமா, ஆதாரம் வேண்டுமே. உறவினர்கள் எல்லோரும் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று, இன்னாரை நான் சிபாரிசு செய்யவில்லை என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் போட்டுத் தரும்படி மன்றாடினார்கள். அவரும் போட்டுக் கொடுத்தார். சதாசிவம் ஒவ்வொன்றையும் கவனமாகப் படித்தார். கவுன்சிலர் கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, ஆகவே இது சிபாரிசுக் கடிதமே என்று முடிவு செய்தார். பழைய பிளாஸ்திரிகள் எல்லாம் திரும்ப ஒட்டப்பட்டன.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் சதாசிவம் வாசல்வரை வந்தார். "யாருக்காவது ஏதாவதுன்னா, ஐயா ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினா போதும்" என்றார். மரியாதைக்குச் சொன்ன பேச்சு. இருசப்பன் அதை மரியாதையாகவே எடுத்துக்கொண்டார்.

அந்தக் கடலோரத்தில் இருசப்பனின் பேர் பரவிற்று. விடிந்தால் அவர் வீட்டு வாசலில் கூட்டம். குடலிறக்கக்காரர், கல்லடைப்புக்காரர், கட்டிக்காரர் எல்லோருக்கும் அவர் நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, எம்பேரச் சொல்லு, பாத்துப்பாங்கோ என்பார். வச்சலா சண்டை போட்டாள். "மாமா, இந்த எழவாலதான உன் வெரலு போச்சு" என்றாள். "அப்ப நம்மள யாருக்கும் தெரியாதுடி" என்றார் இருசப்பன். சிலபேருக்கு அதிகாரம் இரண்டு விரல் விலைக்கே கிடைத்துவிடுகிறது.

கடைசி டிரஸ்ஸிங்குக்கு வச்சலாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். வார்டில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எல்லாக் கம்பிகளிலும் ஒரே பெயர்தான் இருந்தது: இருசப்பன். டிரஸ்ஸிங் தள்ளுவண்டி மூலையில் கிடந்தது. எல்லோரும் இருசப்பன் ஆளாக இருப்பதால் யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் யாரையும் பார்க்காமல் இருந்தார்கள்.

ஒரே ஒரு கட்டிலில் மட்டும் கம்பி வெறுமையாக இருந்தது. கட்டட வேலை செய்யும் சின்னையன் என்பவர் அதில் படுத்திருந்தார். ஆணி குத்தின கை முழங்கைவரை வீங்கியிருந்தது. அவர் மனைவி ரெஜினா வச்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேளம்பாக்கத்தில் ஏதோ ஒரு சைட்டில் வேலை செய்கிறவர்கள், இந்தப் பக்கத்தில் யாரையும் தெரியாது, காலையிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று சொல்லி அழுதாள்.

வச்சலா கையைப் பார்த்தாள். இதையும் தள்ளிப் போட முடியாது. ஒரு நிமிஷம் நின்றாள். கொள்கை, கோபம், குமட்டல் எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயின. நேராக தமிழ்ச்செல்வியின் மேஜைக்குப் போனாள். அவர் போனைக் காதில் வைத்து யாருக்கோ காத்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்தக் கைக்காரரு எங்க மாமாவோட ஆளு. மாமாதான் சொன்னாரு."

தமிழ்ச்செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்படியா? நல்லவேளை சொன்னீங்க. யாருமே சொல்லாத ஆளுன்னு இப்பத்தான் ஆர்.எம்.ஓ.வுக்கு போன் போட்டுகினு இருந்தேன். தியேட்டர்கூட ரெடி பண்ணச் சொல்லியாச்சு."

போனை வைத்துவிட்டு, அவர் ஒரு துண்டு பிளாஸ்திரியைக் கிழித்தார்.